அட்லாண்டிக் நீரோட்டம் தளர்ந்தால் பெரியாறு பாசனத்துக்கு என்ன ஆகும்?

மடைத்தண்ணி (மேலூர்)

எல்லோருக்கும் வணக்கம். அட்லாண்டிக் கடலில் ஓடுகிற பெரிய நீரோட்டம் நிற்கப்போகிறது, ஐரோப்பா உறைந்துவிடும், இந்தியாவில் பருவமழை பொய்த்துப்போகும் என்று எங்கள் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிப் பேர் பதறுகிறார்கள். மீதிப் பேர், அவன் ஊர் குளிர்ந்தால் நமக்கென்ன என்று தள்ளிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை.

நாங்கள் ஒருபோகப் பாசனக்காரர்கள். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அவர்களுக்கு ஆனி மாதமே கால்வாயில் தண்ணீர் வந்துவிடும். எங்களுக்குப் பெரியாறு, வைகை இரண்டு அணையிலும் இருப்பு தேறினால்தான் ஆவணி, புரட்டாசியில் திறப்பார்கள். திறந்தால் நெல், இல்லையென்றால் தரிசு. அந்த இருப்பு தேக்கடி மலையில் பெய்கிற மழையைப் பொறுத்தது. அந்த மழையோ கடலிலிருந்து வருகிறது. அதனால்தான் கேட்கிறேன்: அந்தச் செய்தியில் எவ்வளவு நிஜம்? நிஜம் என்றால் மதுரைப் பக்கம் என்ன நடக்கும்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதுங்கள்.

திருநகர் டீச்சர்

தம்பி, முதலில் எது ஓடுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இந்தச் செய்திகளில் பாதிக் குழப்பம் அங்கேதான்.

அட்லாண்டிக்கின் மேல்பரப்பில் வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீர் வடக்கு நோக்கிப் போகிறது. கிரீன்லாந்து, நார்வே பக்கம் போய்ச் சேர்ந்ததும் குளிர்காலக் காற்று அதன் சூட்டைப் பிடுங்கிக்கொள்கிறது. குளிர்ந்த உப்புநீர் கனமானது. அது கிலோமீட்டர் கணக்கில் கீழே அமிழ்ந்து, கடலின் ஆழத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. மேலே ஒரு போக்கு, கீழே ஒரு வரவு. இந்த முழுச் சுழற்சியைத்தான் விஞ்ஞானிகள் சுருக்கமாக ஏமாக் என்கிறார்கள். வளைகுடா நீரோட்டம் என்று செய்தியில் போடுகிறார்களே, அது அமெரிக்கக் கரையோரம் பெரும்பாலும் காற்றால் ஓடுவது. காற்று வீசுகிறவரை அது நிற்காது. தளரும் என்று பேசப்படுவது ஏமாக்.

அளவு சொன்னால் பிடிபடும். இருபோகத்துக்குப் பெரியாறு பிரதானக் கால்வாயில் விநாடிக்கு 900 கன அடி திறப்பார்கள் அல்லவா? ஏமாக்கில் ஓடுவது விநாடிக்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் கன மீட்டர். உங்கள் கால்வாய் ஆறரை லட்சம் சேர்ந்து ஓடுவதற்குச் சமம். அந்த நீர் சுமந்துபோகும் சூடுதான் வட அட்லாண்டிக்கையும் வடமேற்கு ஐரோப்பாவையும் கதகதப்பாக வைத்திருக்கிறது.

சரி, எது அதைத் தடுக்கும்? நல்ல தண்ணீர். கிரீன்லாந்தின் பனிப்பாளம் 2002க்குப் பிறகு ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் வீதம் உருகிக் கடலில் கலந்திருக்கிறது. வடக்கே மழையும் கூடுகிறது. உப்பு குறைந்தால் நீர் லேசாகும், அமிழாது. அமிழாவிட்டால் தெற்கிலிருந்து இழுக்கும் வேகம் குறையும். இழுவை குறைந்தால் தெற்கிலிருந்து உப்புநீர் வருவதும் குறையும், அப்புறம் வடக்கு இன்னும் லேசாகும். இப்படி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் திரும்பி வர முடியாத நிலை வரலாம் என்று 1961லேயே ஹென்றி ஸ்டோமெல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

நேர்க்கேள்வி

டீச்சர், விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு வேறு, கடல் வேறு. ஃபுளோரிடாவுக்கும் பஹாமாவுக்கும் நடுவே கடலடிக் கேபிள் வழியாக 1982லிருந்து நீரோட்டத்தை அளக்கிறார்கள். அது மெலிந்துவிட்டது என்று 2023ல் ஒரு கட்டுரை வந்தது. பூமியின் காந்தப்புலம் மெல்ல மாறுவதைக் கழித்துத் திருத்திப் பார்த்தால், நாற்பது வருடமாகப் பெரிய மாற்றமே இல்லை என்று 2024ல் இன்னொரு கட்டுரை. ஏமாக்கை நேரடியாக அளப்பது 2004லிருந்துதான். இருபது சொச்ச வருடப் பதிவை வைத்துக்கொண்டு உலகம் கவிழப்போகிறது என்று விவசாயியிடம் சொல்வது நியாயமில்லை. ஏற்கெனவே கடன், உர விலை, பன்றித் தொல்லை என்று ஆயிரம் கவலை அவனுக்கு.

மாடக்குளத்தான் (இப்போது பெர்கன், நார்வே)

சொந்த ஊர் மாடக்குளம். இங்கே கடலியல் படிக்கிறேன், அதனால் இந்தப் பேச்சு தினமும் காதில் விழும்.

நேர்க்கேள்வி அண்ணே, கேபிள் விஷயம் சரி. அங்கே ஓடுவதில் பெரும்பகுதி காற்றால் ஓடும் பங்கு. டீச்சர் சொன்னதும் அதுதான். அது நிலையாக இருப்பதால் ஏமாக்கும் நிலையாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

ஏமாக்கை 26.5 டிகிரி வட அட்சத்தில், ஃபுளோரிடா பக்கத்திலிருந்து ஆப்பிரிக்கக் கரை வரை, கடலடியில் நங்கூரமிட்ட கருவிகளை வைத்து அளக்கிறார்கள். 2009-10ல் ஓட்டம் திடீரென்று சுமார் 30 விழுக்காடு இறங்கியது, பிறகு ஏறியது. அந்த இடைப்பட்ட காலத்தில் நியூயார்க்குக்கு வடக்கே கடல்மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் எழுந்தது. ஓட்டம் மெலிந்தால் அந்தக் கரையில் நீர் ஏறும் என்று ஏட்டில் இருந்ததைக் கண்ணாலேயே பார்த்தார்கள். தற்காலிகச் சரிவுக்கே அவ்வளவு.

ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒரே குரல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையில் இந்த நூற்றாண்டில் ஏமாக் தளர மிக அதிக வாய்ப்பு உண்டு, 2100க்குள் திடீரென்று நிற்காது என்பதற்கு நடுத்தர நம்பிக்கைதான் என்று எழுதினார்கள். 2023ல் கோபன்ஹேகனைச் சேர்ந்த பீட்டர் டிட்லெவ்சன், சுசான் டிட்லெவ்சன் இருவரும் 2025க்கும் 2095க்கும் இடையே கவிழலாம் என்று புள்ளியியல் முறையில் கணித்தார்கள். நேரடி அளவீடு இல்லாத காலத்துக்குக் கடல்மேல் வெப்பநிலையை வைத்து ஊகித்ததால் அதற்கு எதிர்ப்பும் வந்தது. 2024ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் குழு பெரிய கணினி மாதிரி ஒன்றில் நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சுழற்சி கவிழும் புள்ளியைக் கண்டது. 2025 தொடக்கத்தில் பிரிட்டன் குழு 34 மாதிரிகளை வைத்துப் பார்த்தது. அண்டார்டிக்காவைச் சுற்றி வீசும் காற்று ஆழத்து நீரை மேலே இழுத்துக்கொண்டே இருப்பதால் சுழற்சி மெலியும், அடியோடு நிற்காது என்றது.

ஆக, தளரும் என்பதில் சண்டை இல்லை. நிற்குமா, எப்போது என்பதில்தான் சண்டை. 2024 அக்டோபரில் 44 விஞ்ஞானிகள் நார்வே, ஸ்வீடன் போன்ற நார்டிக் நாடுகளின் அமைச்சர்களுக்குத் திறந்த கடிதம் எழுதி, இந்த ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று எச்சரித்தார்கள். அவர்களில் பலர் வாழ்நாள் முழுக்க இதையே படித்தவர்கள். அவர்கள் பதறுகிறபோது நான் சும்மா இருக்க முடியவில்லை.

மடைத்தண்ணி

நன்றி அண்ணே. அங்கே குளிரும் என்பது புரிந்தது. தேக்கடியில் ஏன் மழை குறையும்? அந்தக் கண்ணி இன்னும் பிடிபடவில்லை.

மாடக்குளத்தான்

நிலநடுக்கோட்டை ஒட்டி உலகத்தைச் சுற்றி ஒரு மழைப்பட்டை இருக்கிறது. அது சூடான அரைக்கோளத்தின் பக்கம் சாயும். அட்லாண்டிக் சுழற்சி தெற்கிலிருந்து வடக்குக்குச் சூட்டைக் கடத்துவதால்தான் அந்தப் பட்டை சராசரியாக நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நிற்கிறது. சுழற்சி தளர்ந்தால் வடக்கு குளிரும், தெற்கில் சூடு தேங்கும், பட்டை தெற்கே நகரும். அதோடு ஐரோப்பா, ஆசியா நிலப்பரப்பும் கொஞ்சம் குளிரும். நம் தென்மேற்குப் பருவமழைக்கு உயிரே நிலம் சூடாகி, கடல் அதைவிடக் குளிர்ந்து இருப்பதுதான். அந்த வித்தியாசம் குறைந்தால் காற்றுக்கு வேகம் இருக்காது.

இதற்கு மண்ணில் பதிந்த சாட்சி இருக்கிறது. சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் முடிகிற சமயத்தில், வட அட்லாண்டிக்கில் நல்ல தண்ணீர் கொட்டி ஏமாக் தளர்ந்தது. வடக்கு மறுபடி ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் குளிர்ந்தது. அதே காலத்தில் மேகாலயாவில் சிரபுஞ்சிப் பக்கம் உள்ள மாம்லு குகையின் சுண்ணாம்புப் படிவுகள் பருவமழை மெலிந்ததைக் காட்டுகின்றன. அரபிக்கடல் அடிச்சேறும் அதையே சொல்கிறது.

பழைய ஏஇ (உதவிப் பொறியாளர், பொதுப்பணித்துறை, ஓய்வு)

இங்கே நான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் நம் தலைக்கு மேல் பெய்வது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழை. நம் வயலுக்குக் கால்வாயில் வருவதோ கேரள மலையில் ஆனி, ஆடியில் பெய்வது. தென்மேற்குப் பருவமழை மதுரையில் தூறலாகப் போனாலும் பெரியாற்றில் வெள்ளமாகப் போகும். அதைத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, லோயர் கேம்ப்பில் இறக்கி, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகை அணைக்குக் கொண்டுவருகிறோம். வைகையின் சொந்தப் பிடிப்பு வருசநாடு, மேகமலை. அது பெரும்பாலும் வடகிழக்கு மழையை நம்பியது. ஆக மதுரை இரண்டு மழைக்கும் கடன்பட்ட ஊர். இருபோகம் சுமார் 45,000 ஏக்கர், மேலூர், திருமங்கலம் ஒருபோகம் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். இதில் பெரும்பங்கு அந்த மலைமழையின் மேல் நிற்கிறது. இப்போது மதுரை மாநகரின் குடிநீரையும் லோயர் கேம்ப்பிலிருந்தே குழாயில் கொண்டுவரும் திட்டம் வந்திருக்கிறது. வயலும் குடமும் ஒரே அணையைப் பார்க்கின்றன.

இன்னொன்று. பெரியாறு அணை ஏன் வந்தது? ஊரில் கேட்டால் பென்னிகுவிக் கட்டினார் என்பார்கள். 1895ல் திறந்தார்கள், சரி. அந்தத் திட்டம் நூறாண்டாகப் பேச்சாகவே கிடந்தது. அதைத் தள்ளிவிட்டது 1876-78 தாது வருடப் பஞ்சம். மதுரையில் குஞ்சரத்தம்மாள் தன் சொத்தை விற்றுக் கஞ்சி ஊற்றிய கதை இன்றைக்கும் சொல்லப்படுகிறதே, அந்தப் பஞ்சம்தான். அதற்குக் காரணம் பசிபிக் கடலில் அப்போது எழுந்த மிகக் கடுமையான எல் நினோ, அதாவது அந்தக் கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடாவது. கூடவே இந்தியப் பெருங்கடலும் அட்லாண்டிக்கும் இயல்பு மாறியிருந்தன என்று இப்போது ஆராய்ந்து சொல்கிறார்கள். அன்றைக்கு மதுரையில் செத்தவர்களுக்குப் பசிபிக் என்று ஒரு கடல் இருப்பதே தெரியாது. டீக்கடையில் சொல்கிறார்களே, அவன் ஊர் கடல் நமக்கென்ன என்று. அந்தக் கடலால்தான் இந்த அணை, இந்தக் கால்வாய், உங்கள் வயல் எல்லாம்.

நேர்க்கேள்வி

ஐயா, பஞ்சத்துக்குக் கடல் மட்டுமா காரணம்? தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டே இருந்த ஆட்சியும் காரணம். அதை விட்டுவிட்டுப் பேசினால் கடலின் மேல் பழிபோட்டுத் தப்பித்ததாகிவிடும்.

பழைய ஏஇ

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். மழை பொய்த்தது கடலால், மக்கள் செத்தது ஆட்சியால். இனிமேல் வருவதற்கும் அதே கணக்குதான்.

பாம்பன் கச்சான்

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. அட்லாண்டிக் வரை போகவே வேண்டாம். நம் கடலே வருடத்துக்கு இரண்டு முறை திசை மாறுகிற கடல். கச்சான் காற்று அடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும் நீர், வாடை கிளம்பியதும் மறுபக்கம் இழுக்கும். பருவக்காற்றோடு நீரோட்டமே இப்படித் தலைகீழாகத் திரும்புவது வட இந்தியப் பெருங்கடலில்தான் என்று கடல்வாழ் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எங்கள் கரையில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். எங்கள் பெரியவர்களுக்கு அது படிக்காமலே தெரியும். எந்த மாதம் எந்தப் பக்கம் வலை சாயும் என்பதை வைத்துத்தான் தென்கடலா வடகடலா என்று முடிவெடுப்பார்கள்.

இப்போது அந்தக் கணக்கு முன்பு மாதிரி ஒத்துவருவதில்லை. தண்ணீர் சூடாகிக் கிடக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளப்பாறைகள் வெளுத்தன, 2024லும் வெளுத்தன. சங்கு குளிக்கும் அண்ணன் ஒருவர் முங்கிவிட்டு வந்து, தீவைச் சுற்றி எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது என்றார். மீன் ஒதுங்குகிற இடமே அதுதான். இதைச் சரிசெய்ய ஐரோப்பா விஞ்ஞானி வந்து எழுதும்வரை காத்திருக்க முடியாது.

திருநகர் டீச்சர்

கச்சான் சொல்வதுதான் எனக்கும் பெரிதாகப் படுகிறது. ஏமாக் தளர்வது நம் பிள்ளைகள் காலத்து ஆபத்து. இந்தியப் பெருங்கடல் சூடாவது இன்றைய ஆபத்து. இரண்டும் ஒரே பக்கம்தான் தள்ளுகின்றன. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழு 2015ல் காட்டியது இது: கடல் வேகமாகச் சூடானதால் நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறைந்து, நடு இந்தியாவில் பருவமழை மெலிந்திருக்கிறது. மாடக்குளத்தான் சொன்ன அதே வித்தியாசம். அங்கே நிலம் குளிர்ந்து குறையும், இங்கே கடல் சூடாகிக் குறைகிறது.

எல் நினோவையும் பாருங்கள். 2023 ஆகஸ்டில் நாடு முழுவதும் மழை 36 விழுக்காடு குறைவு; 1901க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. எல் நினோ வந்தால் தென்மேற்கு மெலியும், நம் வடகிழக்கு பெரும்பாலும் வலுக்கும். 2016ல் எதிர்மாறாக வடகிழக்கு 62 விழுக்காடு குறைந்து மாநிலமே காய்ந்தது. தென்மேற்கு பொய்த்தால் பெரியாறு காலி, வடகிழக்கு பொய்த்தால் வைகையும் கண்மாயும் காலி. இதுவரை ஒன்று கைவிட்டால் இன்னொன்று ஓரளவு தாங்கியது. ஏமாக் தளர்ந்தால் தென்மேற்கு நீண்ட காலத்துக்கு மெலிந்துபோகலாம். அப்போது ஒரு கால் ஊனமான மாதிரி, வடகிழக்கை மட்டும் நம்பி நிற்க வேண்டியிருக்கும். எனக்கு உள்ளபடியே பயம் அதில்தான்.

மல்லிகைக்கடை (மாட்டுத்தாவணி)

மழை தப்பினால் பூ விலை என்ன ஆகும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மார்கழிப் பனியில் மொட்டு வராது, கிலோ ஆயிரத்தைத் தாண்டும், அது பழக்கம். ஆனால் ஐப்பசியில் ஒரேயடியாகக் கொட்டினால் செடி வேரே அழுகிவிடுகிறது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த அன்று பூ ஏற்றிய வண்டியே வரவில்லை. வடகிழக்கை மட்டும் நம்பி நிற்பது என்று டீச்சர் சொன்னதும் அந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

மடைத்தண்ணி

சரி, கையில் என்ன இருக்கிறது? கிரீன்லாந்துப் பனியை நாங்கள் பிடித்து வைக்க முடியாது.

நேர்க்கேள்வி

இதில் எனக்கும் அக்கறை உண்டு. என் வாதம் அறிவியலுக்கு எதிரானது இல்லை. அட்லாண்டிக்கைக் காட்டி, கண்மாயைத் தூர்வாராததை மறைத்துவிடக் கூடாது என்பதுதான். மழை கூடினாலும் குறைந்தாலும் கண்மாய் ஆழமாக இருந்தால் நல்லது. அதற்கு எந்தக் கணினி மாதிரியின் கணக்கும் தேவையில்லை.

பழைய ஏஇ

அந்த வழியிலேயே போவோம். மலைமழை நிச்சயமில்லாமல் போனால், பெய்கிற வடகிழக்கு மழையை அப்படியே பிடித்து வைக்க வேண்டும். அதற்காகத்தான் முன்னோர் கண்மாய்களைச் சங்கிலியாக வெட்டினார்கள். ஒன்று நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்ததுக்குப் போகும். உங்கள் பக்கத்தில் பாதிக் கண்மாய்கள் இப்போது பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரை நம்பிப் பழகிவிட்டன. மழைநீர் வருகிற வரத்துக்கால்வாய் புதரும் சீமைக்கருவேலமுமாகத் தூர்ந்து கிடக்கிறது. கண்மாய்க்குள் மண் அள்ளுவதில் எல்லோருக்கும் ஆசை, அதில் வண்டல் கிடைக்கும். வரத்துக்கால்வாயைச் சுத்தம் செய்ய ஆள் வராது. முதலில் அதைச் செய்யுங்கள்.

அப்புறம் பயிர். தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று தெரியாத ஊரில் 145 நாள் ஆந்திரா பொன்னியைப் போட்டுவிட்டுத் தை மாதம் கடைமடையில் நின்று அடித்துக்கொள்கிறார்கள். கோ 51 மாதிரி 110 நாளுக்குள் வருகிற ரகம் போட்டால் ஒரு முறைத்தண்ணீர் விட்டுப்போனாலும் தப்பிக்கும். விலை கொஞ்சம் குறையும், உண்மைதான். அந்த வித்தியாசத்தை யார் ஈடுகட்டுவது என்பதைச் சங்கமாகச் சேர்ந்து அரசிடம் கேட்க வேண்டும்.

மாடக்குளத்தான்

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா. தளர்வைத் தடுக்கிற ஒரே வழி கரிவாயுவைக் குறைப்பதுதான். அதில் பெரும்பங்கு இங்குள்ள பணக்கார நாடுகளின் கையில் இருக்கிறது. இங்கே கூட்டங்களில் ஏமாக் என்றால் ஐரோப்பாவின் குளிரை மட்டும் பேசுகிறார்கள். மேலூர் ஒருபோகத்தைப் பற்றி நான் எடுத்துச் சொன்னால்தான் உண்டு. இந்த இழையில் ஏஇ ஐயா எழுதியதை மொழிபெயர்த்து எங்கள் துறையில் வைக்கப்போகிறேன்.

மடைத்தண்ணி

தாராளமாக வையுங்கள் அண்ணே. எங்கள் பக்கம் இந்த வாரம் சங்கக் கூட்டம் இருக்கிறது. வரத்துக்கால்வாய், குறுகிய கால ரகம் இரண்டையும் பேசப்போகிறேன். டீச்சர், ஊரில் ஒரு மழைமானி வைக்கலாம் என்று முன்பு வேறு இழையில் சொன்னீர்களே, அது எப்படி?

திருநகர் டீச்சர்

செலவு அதிகமில்லை தம்பி. மரமும் சுவரும் இல்லாத வெட்டவெளியில் வையுங்கள், பள்ளிக்கூட மைதானம் என்றால் நல்லது. தினமும் காலை 8.30க்கு அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். வானிலைத்துறையும் அதே நேரத்தில்தான் எடுக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வசதி. மழை பெய்யாத நாளிலும் பூஜ்யம் என்று எழுத வேண்டும், அதை விட்டுவிட்டால் பதிவு வீண். பக்கத்திலேயே கண்மாய் மடைக்கல்லில் அடிக்கணக்கு வரைந்து நீர்மட்டத்தையும் குறித்துவாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் பொறுப்பைக் கொடுங்கள், அவர்கள் ஒரு நாளும் தவறவிட மாட்டார்கள். ஆனி பிறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டால் இந்த வருடத் தென்மேற்கே பதிவில் வந்துவிடும்.